மண்டைக்குள் ஊறும் கஞ்சா

இந்தக் கதையின் முதல் சில நாட்களில் நான் இல்லை. உடம்பு ஆஜர் கொடுத்திருக்கிறது, ஆள் லீவு. ஆகவே அந்தப் பகுதியை என் மனைவி மஞ்சுளாவும் அவள் தம்பி டில்லிபாபுவும் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாத இடங்களில் மஞ்சுளா சொன்னதையே எடுத்துக்கொண்டேன். அதுதான் உண்மை என்பதற்காக அல்ல, எனக்குச் சோறு போடுவது அவள் என்பதற்காக.

என் பெயர் கஜேந்திரன். ஆவடி சேக்காட்டில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்க் கதவுகளுக்குக் கீல் செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஆயுதபூஜைக்கு மைக் பிடிப்பதும், சொந்தக்காரர் கல்யாணங்களில் மாப்பிள்ளையைக் கலாய்ப்பதும் உபதொழில். சாவு வீட்டில்கூட என் பக்கத்தில் உட்காரப் பயப்படுவார்கள், சிரிப்பு வந்துவிடும் என்று.

ஜுரம் வந்தது. மாத்திரை போட்டேன். தலைவலி வந்தது. இன்னொரு மாத்திரை போட்டேன். அடுத்து ஒரு காலையில் வண்டிச் சாவியைச் சாம்பார்க் கிண்ணத்தில் போட்டு, கரண்டியால் நிதானமாகக் கலக்கிக்கொண்டிருந்தேனாம். மஞ்சுளா சிரித்திருக்கிறாள். என்னடா இது என்று எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்திருக்கிறார். ஜோக்கராக வாழ்வதில் இதுதான் ஆபத்து. வேறொருவன் சாவியைச் சாம்பாரில் போட்டால் ஆம்புலன்ஸ் வரும். நான் போட்டால் கைதட்டல் வரும்.

அன்று மத்தியானமே கீழே விழுந்து கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. அப்போதும் முதல் சில விநாடிகள் மஞ்சுளா, "போதும் நடிச்சது, எய்ந்திருங்க, தரையெல்லாம் ஈரம்" என்றிருக்கிறாள். இதை இன்றைக்கும் அவள் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. நான் பேச்சை மாற்றுவேன்.

டில்லிபாபு திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறவன். அக்காவின் போன் வந்ததும் ஏறியிருந்தவர்களை எல்லாம் நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறான். ஒரு பூக்கார அம்மா மட்டும் இறங்க மறுத்துவிட்டாராம். "ஆம்பள நீ ஒருத்தன் வண்டிய ஓட்டுவியா, ஆளப் புடிப்பியா? ஓட்டு" என்று சொல்லி, சேக்காடு வந்து, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு காட்டுப்பாக்கம் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்திருக்கிறார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அன்று அவருக்குப் பூ விற்றதா என்றும் தெரியாது.

என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு அவர்களுக்கு வேலை காத்திருப்பதுதான். ஐசியூவுக்கு வெளியே ஒரு கூடம். சத்தமில்லாமல் ஓடுகிற டிவி, ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கிய இரும்பு நாற்காலிகள், கூரையில் ஒரு ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கர்தான் எமன் என்கிறாள் மஞ்சுளா. திடீர் திடீரென்று, "கஜேந்திரன் அட்டெண்டர்" என்று கூப்பிடும். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லாது. கதவுவரை நடப்பதற்குள் அவள் எனக்குக் காரியமே செய்து முடித்துவிடுவாளாம். கதவு திறந்தால் ஒரு நர்ஸ் நின்றுகொண்டு, "டயாப்பர் தீந்துடுச்சு, கீழ மெடிக்கல்ல வாங்கிட்டு வாங்க" என்பார். பத்து முறை கூப்பிட்டால் எட்டு முறை டயாப்பர். ஒவ்வொரு முறையும் அவள் எனக்குக் காரியம் செய்துகொண்டேதான் நடந்தாளாம். டயாப்பரைப் பற்றி எழுத வெட்கமாக இல்லையா என்று கேட்காதீர்கள். கட்டியிருந்தது எனக்கு நினைவில்லை, ஆகவே வெட்கமும் இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். தலையில் பசை வைத்து ஒயர் ஒயராக ஒட்டி மூளையின் மின்சாரத்தை அளந்தார்கள். முதுகுத்தண்டின் நடுவில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றி ஓடுகிற நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். பிறகு டாக்டரம்மா மஞ்சுளாவை உட்கார வைத்துச் சொன்னார். மூளைக்குள் வைரஸ் புகுந்து வீங்க வைத்திருக்கிறது. ஜுரம் விட்டதும் சிலருக்கு உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதே வைரஸ்தான். உதட்டோடு நிற்காமல் இவருக்கு மாடி ஏறிவிட்டது. சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், மருந்து இருக்கிறது, ஆளைக் காப்பாற்றலாம்.

"மூளைய?" என்று கேட்டிருக்கிறாள் மஞ்சுளா.

"பார்க்கலாம்மா" என்றிருக்கிறார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியில் 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு என்ன எடை என்று படுத்துக் கிடக்கிறவனுக்குத் தெரியாது. அது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் எப்போது திரும்பி வந்தேன் என்று சொல்ல முடியாது. லோ-வோல்டேஜில் டியூப்லைட் எரிகிற மாதிரி வந்து வந்து போயிருக்கிறேன். வார்டுக்கு மாற்றிய பிறகு பேசினேன், சாப்பிட்டேன், மனைவி பெயர், மச்சான் பெயர், கம்பெனி, பழைய கதை எல்லாம் சரியாகச் சொன்னேன். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும் நிம்மதி. ஜோக்கும் வந்தது. நர்ஸ் ட்ரிப் மாட்ட வந்தபோது, "இன்னா சிஸ்டர், சொட்டு சொட்டா உடுறீங்க, எங்க தெரு கார்ப்பரேஷன் தண்ணியா?" என்றேன். நர்ஸ் சிரித்தார். மஞ்சுளா சிரித்தாள். டில்லிபாபு தொடையைத் தட்டிச் சிரித்தான். பழைய கஜா வந்துட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி எத்தனை முறை நினைத்துக்கொண்டேனோ. ஒரு தடவை, நான் "சொட்டு சொட்டா" என்று ஆரம்பித்ததும் நர்ஸின் உதடுகளைப் பார்த்தேன். நான் 'கார்ப்பரேஷன்' என்று சொல்வதற்கு முன்பே அவர் உதடு அந்தச் சொல்லுக்குக் குவிந்தது. சத்தம் வரவில்லை. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து உடனே சிரித்துவிட்டார்.

நான் மஞ்சுளா பக்கம் திரும்பினேன்.

"மஞ்சு, இத நான் முன்னாடியே சொன்னேனா?"

"இல்லீங்களே" என்றாள். அவசரமாகச் சொன்னாள்.

டில்லிபாபு சுவரைப் பார்த்தான்.

"டேய் மச்சான். எத்தினி வாட்டிடா சொன்னேன்?"

"உடு மாமா."

"சொல்றா."

"இன்னிக்கா, மொத்தமாவா?" என்றான் டில்லிபாபு.

அதுதான் அந்த அறையில் அன்றைக்குச் சொல்லப்பட்ட நல்ல ஜோக். யாரும் சிரிக்கவில்லை.

இத்தனை முறையும் புதிதாகக் கேட்ட மாதிரி சிரித்திருக்கிறார்கள். அந்தக் கருணையை நினைத்தால் இப்போது நெஞ்சு நெகிழ்கிறது. அப்போது நெகிழவில்லை, பயந்தேன். பழசு எல்லாம் பத்திரமாக இருக்கிறது, புதுசு ஒன்றுகூட உள்ளே தங்கவில்லை. டாக்டரம்மா காலையில் வந்து மூன்று சொற்கள் சொல்வார். மாம்பழம், ரயில், கோயில். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு அவற்றைத் திரும்பக் கேட்பார். "எங்கிட்ட எதையாச்சும் குடுத்து வெச்சீங்களா டாக்டர்?" என்பேன். நகைச்சுவைக்காக அல்ல. நிஜமாகவே அவர் கொடுத்தது தெரியாது. காலை ஷிப்டில் எந்த அச்சில் எந்தக் கோளாறு என்பதைச் சாயங்காலம்வரை தலையில் சுமப்பதுதான் என் வேலை. அது போனால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. காலையில் பெண்டாட்டி சொன்னதைச் சாயங்காலம் தெரியாத ஆளுக்குக் குடும்பம் எதற்கு?

டில்லிபாபுதான் டாக்டரம்மாவை மடக்கினான். "மேடம், மண்டைல புது செல்லு வளர்றதுக்கு மருந்து எதனா கீதா?"

டாக்டரம்மா விளக்கம் சொல்வதில் பிரியமுள்ளவர். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். காதுக்கு நேர் உள்ளே, ஆழத்தில், கடற்குதிரை மாதிரி வளைந்த ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. இன்றைக்கு நடந்ததை நாளைக்கு எடுத்துப்போவது அதுதான். அங்கேதான் வீக்கம். வீக்கம் வடிகிறது, பிழைத்த செல்கள் மெல்ல வேலையை எடுத்துக்கொள்ளும். அதே இடத்தில் வளர்ந்த பிறகும் புதுச் செல்கள் பிறக்கின்றன என்பது எலியில் உறுதி. மனிதனில் எந்த அளவு என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"அந்தப் புது செல்லுக்கு வழிகாட்டறதுல ஒரு பொருளுக்குப் பங்கு இருக்கு. நம்ம மூளையே அதைச் செஞ்சுக்குது. கஞ்சாவுல இருக்கற பொருள் மூளையில எந்தப் பூட்டுல போய் உட்காருதோ, இதுவும் அதே பூட்டுலதான் உட்காரும். பூட்டே இதுக்காக இருக்கறதுதான். கஞ்சா கள்ளச்சாவி."

"மேடம், மாமா மண்டைல கஞ்சா ஊறுதா?" என்றான் டில்லிபாபு.

"எல்லார் மண்டையிலயும். உங்க மண்டையிலயும்."

வழக்கமாக ஒரு செல் பேசும், அடுத்தது கேட்கும். இந்தப் பொருள் மட்டும் தலைகீழாகப் போகுமாம். கேட்கிற செல் இதைச் செய்து பேசுகிற செல்லுக்கு அனுப்பும், 'போதும்ப்பா, கொஞ்சம் மெதுவா' என்று. அளவுக்கு மீறிக் கத்துகிற செல்களை அடக்குவதும் இதன் வேலை. இளம் செல் ஒரு நூல்போல நீண்டு வளரும்போது அதன் நுனியைத் திருப்புவது, நிறுத்துவது, உயிரோடு வைப்பது, இதிலும் கை இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளையின் மூளைக்கே இது வழிகாட்டும் என்றார். வேகமாக நடை போட்டால் உடம்பில் இது கூடுமாம், ஆகவே தினமும் நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், வேறு மருந்து கிடையாது என்று முடித்தார்.

"அந்த 'போதும்ப்பா' எங்க ஊட்லயே ஒண்ணு கீது டாக்டர்" என்று மஞ்சுளாவைக் காட்டினேன். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். புது ஜோக், முதல் தடவை. இதெல்லாம் நான் சொன்னேன் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்து நடந்ததும் எனக்கு நினைவில்லை. டில்லிபாபு சொன்னதைத் தருகிறேன்.

அவர் போனதும் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேனாம். "மச்சான், உள்ள ஊர்றதே இவ்ளோ வேலை செய்யுதுன்னா, வெளிய இருந்து கொஞ்சம் போட்டா புது செல்லு குபுகுபுன்னு வளராதா? எனக்கு எதனா பாருடா. மஞ்சுவுக்குத் தெரிய வேணாம்." அவன் முதலில் மறுத்திருக்கிறான். நான் அழுதிருக்கிறேன். நான் அழுது அவன் பார்த்ததில்லை. வேன் ஸ்டாண்டு என்றால் எல்லாவிதமான ஆளும் இருப்பார்கள். யாரோ ஒருவனிடமிருந்து கறுப்பாக ஒரு லேகிய உருண்டை வாங்கி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மறுநாள் பார்வை நேரம். மஞ்சுளா பில் கட்டுகிற வரிசையில் நின்றுவிட்டு டீயும் வாங்கி வரக் கீழே போயிருந்தாள். டில்லிபாபு டப்பாவைத் திறந்து ஓரத்திலிருந்து கொஞ்சம் கிள்ளி என் வாயில் போட்டான். நான் முழுங்கினேன். வாசலைப் பார்த்தபடி சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம், முந்தின நாள் நான் அழுது கேட்டதை அவன் எனக்கு எடுத்துச் சொன்னான். பிறகு நான் கேட்டேனாம்:

"இன்னாடா, கேட்டேனே, கொண்டாந்தியா?"

அவன் சிரித்தான். "இப்பத்தான மாமா துன்ன."

"யாரு, நானா? டேய், வெளாடாத. குடு."

"அய்ய, சத்தியமா துன்ன மாமா."

"ஏமாத்தறியா என்னை? மண்டை கலங்கினவன்னு ஏமாத்தறியா?" என்று நான் டப்பாவைப் பிடுங்கினேனாம். ட்ரிப் ஏறுகிற கையாலேயே பிடுங்கினேன். குழாயில் ரத்தம் ஏறியது. அப்போதுதான் டில்லிபாபுவுக்கு விஷயம் புரிந்தது. இந்த ஆளுக்குத் தின்றது நினைவிருக்காது. மறுபடி கேட்பான், மறுபடி தின்பான், டப்பா காலியாகும்வரை முதல் தடவை என்றே தின்பான். என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் அவனைத் திட்டினேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தையெல்லாம் சொன்னேனாம்.

முக்கால் மணி நேரம் போனதும் முகம் வெளுத்து, நெஞ்சு படபடக்க ஆரம்பித்திருக்கிறது. விரலில் மாட்டியிருந்த கிளிப்பின் மிஷின் கத்தத் தொடங்கியது. நான் மெதுவான குரலில், "டில்லி, நான் செத்துட்டனா? சொல்லு, கோச்சிக்க மாட்டேன்" என்றேனாம்.

டப்பாவை மூடி வேட்டிக்குள் சொருகிக்கொண்டு போயிருக்கலாம் அவன். யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் வராந்தாவில் ஓடி, நர்ஸ் கையில் டப்பாவை வைத்து, "கஞ்சா சிஸ்டர், மாமாவுக்குக் குடுத்துட்டேன்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். டீயோடு படியேறி வந்துகொண்டிருந்த மஞ்சுளாவும் கேட்டாள்.

நாடி ஏறியது, ரத்த அழுத்தம் இறங்கியது. மறுபடி வலிப்பு வருமா என்றுதான் எல்லோருக்கும் பயம். டாக்டரம்மா வந்து, ஊசி போட்டு, இருட்டும்வரை மிஷினைப் பார்த்தபடி நின்றார். வலிப்பு வரவில்லை. அதன் பிறகுதான் டில்லிபாபு பக்கம் திரும்பினார்.

"உங்க தெருவுல தண்ணி திறந்து விடறவர் என்ன பண்றார்? எந்தத் தெருவுக்கு எப்போ வேணுமோ அப்போ வால்வைத் திருப்பறார், போதும்னதும் மூடறார். மூளை அப்படித்தான். தேவைப்பட்ட இடத்துல துளி செய்யும், வேலை முடிஞ்சதும் அங்கேயே கரைச்சுடும். நீங்க செஞ்சது டேங்கர் லாரியைத் தெருவுல கவுத்துவிட்ட மாதிரி. எல்லாப் பூட்டும் ஒரே நேரத்துல திறந்து கிடந்தா, வழி தேடற இளம் செல் எந்தப் பக்கம் திரும்பும்? அதைவிட, புது ஞாபகம் பதியறதையே கஞ்சா கெடுக்கும். ஞாபகம் தங்கலைன்னு படுத்திருக்கறவருக்கு, ஞாபகத்தைக் கெடுக்கற பொருளைக் கொடுத்திருக்கீங்க. வலிப்பு மருந்து வேற ஏறிட்டிருக்கு."

"தெரியாம பண்ட்டேன் மேடம்" என்றான். நான்தான் கேட்டேன் என்று அவன் சொல்லவே இல்லை. வெகுநாள் கழித்து, நான் நச்சரித்த பிறகுதான் சொன்னான்.

அன்று முழுக்க மஞ்சுளா தம்பியோடு பேசவில்லை. அவன் வராந்தாவில் செருப்பு ரேக்குக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தான். அவள் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை மூடியில் வைத்து அவன் முன்னால் நகர்த்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாளாம். "அந்தச் சோத்த குடுத்ததுக்கு அக்கா என்னை செருப்பால அட்ச்சிருக்கலாம் மாமா" என்பான் டில்லிபாபு.

அதற்குப் பிறகு நடைதான். ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. ஒரு பக்கம் டில்லிபாபு, கைதி தப்பிவிடாமல் போலீஸ் கூடவே நடக்கிற மாதிரி. மூன்று சொற்களில் ஒன்று வந்தது. ஒரு நாள் இரண்டு வந்தது. இரண்டாவது உண்மையில் நினைவிலிருந்து வந்ததா, எதிர்ச்சுவரில் தொங்கிய கோயில் காலண்டரிலிருந்து வந்ததா என்று மஞ்சுளாவுக்குச் சந்தேகம். காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டாள். மறுநாள் மறுபடி ஒன்று.

வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் நான் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். சாம்பார்ச் சாவி, பூக்கார அம்மா, நர்ஸின் உதடு, லேகியம். எல்லோரும் சிரித்தார்கள். "பரவால்லப்பா, எல்லாம் ஞாபகம் வெச்சிருக்க" என்றார்கள். எல்லோரும் போன பிறகு எனக்கு வியர்க்கும். இதில் எது நான் பார்த்தது, எது இவர்கள் சொல்லிச் சொல்லி எனக்குள் ஊற்றியது? நர்ஸின் உதடு குவிந்தது நிஜமா? அதையும் டில்லிபாபுதான் சொன்னானா? அந்த நாட்களிலிருந்து என்னுடையது என்று கையில் ஒன்றும் இல்லை. கம்பெனியிலிருந்து போன் வந்தபோதெல்லாம் "அடுத்த வாரம் வந்துடறேன் சார்" என்றேன். அதையும் முன்பே சொல்லியிருந்தேனோ என்னவோ.

ஒரு சாயங்காலம் மஞ்சுளாவோடு தெருக்கோடி தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மழை விட்டு, கால்வாய்ப் பக்கம் சேறு. வழுக்காமல் இருக்க அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் ஏதோ ஒன்று திறந்துகொண்டது.

"நீ எனக்கு நகம் வெட்டின" என்றேன்.

"எப்ப?"

"ஆஸ்பத்திரில. கால்மாட்டுல குந்திகினு, என் பாதத்த மடில வெச்சிகினு. ஜன்னல் பக்கம் வெயிலு."

அவள் நடை நின்றது. "டில்லி சொன்னானா?"

"டில்லி அங்க இல்ல. யாருமே இல்ல. நீதான்."

"சரி, வெட்னேன். அதுக்கு இன்னா?"

"வெட்டிகினே பேசின. தலைய தூக்காமலே. 'யோவ், இத்தினி வருஷமா சிரிச்சிகினு கீறேன், ஒன் ஜோக்குல ஒண்ணுகூட நல்லால்ல'ன்ன."

மஞ்சுளா என் முழங்கையை விட்டாள். நல்ல வெளிச்சம் இருந்தது, அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. திருடி மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்.

"அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவீங்கன்னுதான்..." என்றாள். பிறகு மெதுவாக, பயந்துபோய்க் கேட்கிற மாதிரி கேட்டாள்: "அப்புறம் இன்னா சொன்னேன்?"

அவள் மூன்று சொற்கள் கேட்கவில்லை. ஆனாலும் டாக்டரம்மா முன்னால்கூட நான் இப்படி மூச்சைப் பிடித்ததில்லை. கண்ணை மூடினேன். வெயில் வந்தது. நகவெட்டியின் சத்தம் வந்தது. சுண்டுவிரலுக்கு வந்தபோது அவள் கை நின்றது வந்தது.

"'பரவால்ல, நீ எய்ந்து வந்துடு. நல்லால்லாத ஜோக்கே சொல்லு. நான் சிரிக்கிறேன்'ன்ன."

மஞ்சுளா கால்வாய் மதகின் சிமெண்டுக் கட்டையில், ஈரம் என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சேக்காட்டுத் தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கு நல்ல ஜோக் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.